ஒப்பந்தப்புள்ளி கோராமல் நேரடிக் கொள்முதல்: கோப்பைத் தயாரிக்கும் முழுமையான வழிகாட்டி

மத்திய அரசின் அமைச்சகங்கள், துறைகள், அவற்றின் கீழ் இயங்கும் அலுவலகங்கள் ஆகியவற்றில் கொள்முதல் கோப்புகளைக் கையாள்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. திறந்த ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒரே நிறுவனத்திடம், குறிப்பாக ஒரு பொதுத்துறை நிறுவனத்திடமோ வேறோர் அரசு அமைப்பிடமோ, பொருளையோ வேலையையோ நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டிய நிலை வரும்போது என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே காணலாம். இப்பணிக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் விதியைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்துவிட்டுத் தணிக்கையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. எந்த விதி பொருந்தும் என்பதை உறுதி செய்தல்

மத்திய அரசு அலுவலகங்களுக்கு அடிப்படையாக இருப்பவை பொது நிதி விதிகள், 2017; இந்த வழிகாட்டியில் எண்ணிட்டுச் சொல்லும் விதிகள் எல்லாம் அவற்றில் உள்ளவையே. தமிழ்நாடு அரசின் துறைகளுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 தனியாக இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு அடித்தளங்களில் நிற்பவை. ஒன்றின் சொற்களை மற்றொன்றின் கோப்பில் எடுத்து எழுதினால், காரணம் சரியாக இருந்தாலும் ஒப்புதலுக்கு ஆதாரமான விதி தவறாகிவிடும்.

அடுத்து, வாங்கப்போவது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும். பொருள் என்றால் விதி 166, கட்டுமானம் போன்ற பணி என்றால் விதி 133, ஆலோசனைச் சேவை என்றால் விதி 194, ஏனைய சேவைகள் என்றால் விதி 204 ஆகியவை நேரடித் தேர்வுக்கு இடம் தருகின்றன. ஒவ்வொன்றும் கேட்கும் நிபந்தனை வேறு. கருவியும் அதன் பராமரிப்பும் சேர்ந்து வரும் கலப்புக் கொள்முதலில், செலவின் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று பார்த்து வகையைத் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தையும் அதன் கணக்கையும் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. திறந்த ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒரே ஒரு விலைப்புள்ளி மட்டும் வந்தால் அது நேரடித் தேர்வு ஆகாது. விளம்பரம் போதுமானதாக இருந்து, தகுதி நிபந்தனைகள் தேவைக்கு மேல் இறுக்கமாக இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால் அந்த நடைமுறை செல்லும் என்றே விதி 173 கருதுகிறது. ஆகவே அந்தக் கோப்பை விதி 166க்குள் திணிக்க வேண்டியதில்லை.

2. கோப்பைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேவையைக் கோரும் பிரிவின் கையொப்பமிட்ட கோரிக்கை, நிதி ஒதுக்கீடு உள்ளதற்கான சான்று, எந்த அலுவலர் எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம் என்று சொல்லும் நிதி அதிகாரப் பகிர்வு ஆணையின் நடப்புப் படி, அதே பொருளையோ சேவையையோ முன்பு வாங்கியிருந்தால் அந்தப் பழைய கோப்பு ஆகியவை வேண்டும்.

இவற்றில் அதிகார ஆணையைத்தான் பலர் கடைசியில் தேடுகிறார்கள். திறந்த ஒப்பந்தப்புள்ளியில் ஓர் அலுவலருக்கு உள்ள ஒப்புதல் வரம்பும், ஒரே நிறுவனத்திடம் மட்டும் கேட்கும் ஒற்றை ஒப்பந்தப்புள்ளியில் அவருக்கே உள்ள வரம்பும் பெரும்பாலான துறைகளில் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாவது வரம்பு மிகவும் குறைவாக இருக்கும். யாரிடம் கோப்பு போக வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்தால், அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஏற்பக் குறிப்பை எழுதலாம். வரம்புத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய கோப்பில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து எழுதாமல் நடப்பு ஆணையைப் பார்த்தே எழுத வேண்டும்.

3. நிறுவனத்தின் பெயர் இல்லாமல் தேவையை எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே கடைப்பிடிக்கச் சொல்வேன். கோரிக்கையின் முதல் வரியிலேயே நிறுவனத்தின் பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு காரணமும் அந்தப் பெயருக்காகத் தேடிப் பிடித்த காரணமாகவே வாசிக்கப்படும். உண்மையிலேயே வேறு வழி இல்லாத கொள்முதல்கூட இந்த ஒரு குறையால் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

ஆகவே கோரும் பிரிவிடம் மூன்று செய்திகளை மட்டும் கேட்க வேண்டும்: எந்த வேலை நடக்க வேண்டும், எந்த அளவில் அல்லது தரத்தில், எந்தத் தேதிக்குள். தரத்தை எழுதும்போது ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின் விவரத் தாளிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டுவது பெயரை மறைமுகமாக எழுதுவதற்குச் சமம். பொருளின் எடை கிராம் அளவுக்குத் துல்லியமாகத் தரப்பட்டிருப்பதைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று தணிக்கையாளருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

தேவையைத் துண்டு போடுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. போட்டி முறையையோ மேலதிகாரியின் ஒப்புதலையோ தவிர்ப்பதற்காக ஒரு தேவையைச் சிறு அளவுகளாகப் பிரிப்பதை விதி 157 தடுக்கிறது. ஆலோசனைச் சேவைகளுக்கு இதே தடையை விதி 194 தனியாகவும் சொல்கிறது. ஒரே ஆண்டில் ஒரே வகைத் தேவை மீண்டும் வரக்கூடும் என்றால், முழு ஆண்டின் தேவையையும் கணித்து ஒரே கோரிக்கையாக எழுதிவிட வேண்டும்.

4. ஜெம் தளத்திலும் சந்தையிலும் தேடுதல்

விதி 149இன்படி, அரசு அலுவலகங்களுக்கான மின்னணுச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் அங்கேயே வாங்க வேண்டும். வெளியே வாங்குவதாக இருந்தால், அப்பொருள் அங்குக் கிடைக்கவில்லை என்பதற்கான அறிக்கையைத் தளத்திலிருந்தே தனி அடையாள எண்ணுடன் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். அறிக்கையின் தேதி மிகவும் முக்கியம். நிறுவனத்தைத் தேர்வு செய்த குறிப்புக்குப் பிந்திய தேதியில் இந்த அறிக்கை இருந்தால், முடிவை எடுத்த பிறகே தேடியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஜெம் தளத்தில் இல்லை என்பதால் சந்தையிலும் இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் துறையில் இயங்கும் வேறு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை நிறுவனங்களுக்கு எழுத வேண்டும் என்று புதியவர்கள் கேட்பது வழக்கம். அதற்கு எண்ணிக்கை கிடையாது. அத்துறையை அறிந்த ஒருவர் கோப்பைப் பார்த்து ‘இன்னாரை ஏன் கேட்கவில்லை?’ என்று வினவ இடமிருக்கக் கூடாது, அவ்வளவே. பதில் வராத கடிதங்களையும் கோப்பில் வைக்க வேண்டும். கேட்டோம் என்பதற்கு அவையே ஆதாரம்.

5. விதிவிலக்குக்கான காரணத்தைத் தேர்ந்தெடுத்தல்

பொருள்களுக்கு விதி 166 மூன்று சூழல்களை மட்டுமே ஏற்கிறது. முதலாவது, குறிப்பிட்ட நிறுவனம் மட்டுமே அப்பொருளைத் தயாரிக்கிறது என்பது பயன்படுத்தும் துறைக்குத் தெரிந்திருப்பது. இரண்டாவது, அவசர நிலையில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்தே வாங்க வேண்டியிருப்பது. இதற்குக் காரணத்தைப் பதிவு செய்து உரிய அலுவலரின் ஒப்புதலைப் பெற வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே உள்ள கருவிகளோடு பொருந்துவதற்காகவோ சீர்மைக்காகவோ ஒரே நிறுவனத்திடம் வாங்குவது. இதற்குத் தகுதியுள்ள தொழில்நுட்ப வல்லுநரின் பரிந்துரையும் வேண்டும்.

மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கான ஆதாரத்தை முழுமையாகத் தர வேண்டும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து எழுதும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அப்படி எழுதினால் எதிர்மாறான விளைவே ஏற்படுகிறது. ஒரே தயாரிப்பாளர்தான் இருக்கிறார் என்று ஒரு பத்தியிலும், அவசரம் என்பதால் மற்றவர்களைக் கேட்கவில்லை என்று அடுத்த பத்தியிலும் எழுதினால், முதல் பத்தியை இரண்டாவது பத்தியே மறுத்துவிடுகிறது.

பின்வரும் வரி போன்றது ஏறத்தாழ எல்லா அலுவலகங்களிலும் காணக் கிடைக்கும்: “இந்நிறுவனம் இத்துறையில் நீண்ட அனுபவமும் நற்பெயரும் உடையது, அரசு நிறுவனம் என்பதால் நம்பகமானது, எனவே இப்பணியை இந்நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.” இதில் மூன்று கூற்றுகள் இருந்தும் காரணம் ஒன்றுகூட இல்லை. அனுபவம் ஒப்பந்தப்புள்ளியில் வைக்க வேண்டிய தகுதி நிபந்தனை; அது இந்நிறுவனத்துக்கு இருப்பதாலேயே மற்றவர்களுக்கு இல்லாமல் போய்விடாது. நற்பெயரை அளந்து காட்ட முடியாது. அரசு நிறுவனம் என்பது உரிமையாளர் யார் என்பதைச் சொல்கிறதே தவிர, வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: “ஆய்வகத்தில் உள்ள கருவியின் கட்டுப்பாட்டுப் பலகை பழுதாகியுள்ளது. இப்பலகையைக் கருவியின் தயாரிப்பாளரைத் தவிர வேறெவரும் தயாரிப்பதில்லை என்னும் தொழில்நுட்ப அலுவலரின் அறிக்கை பக்கம் 14இல் உள்ளது. மாற்றுப் பலகையைப் பொருத்த இயலுமா என்று கேட்டதற்கு இரு நிறுவனங்கள் இயலாது எனத் தெரிவித்த கடிதங்கள் பக்கம் 17இலும் 19இலும் உள்ளன.” இதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது.

ஒரே தயாரிப்பாளர் என்ற காரணத்துக்கு, பொருளைப் பயன்படுத்தும் துறை பி.ஏ.சி. (தனியுரிமைப் பொருள் சான்று) எனப்படும் சான்றை அளிக்க வேண்டும். பொருளைத் தயாரிப்பவர் யார், வேறு தயாரிப்போ மாதிரியோ ஏற்க முடியாததற்குக் காரணங்கள் என்ன, நிதிப்பிரிவின் இசைவு எந்தக் கடிதத்தில், உரிய அலுவலரின் ஒப்புதல் எந்தக் கடிதத்தில் என்னும் நான்கு விவரங்கள் அதில் உள்ளன. இரண்டாவது விவரத்துக்கான இடத்தில் ‘தனித்தன்மை வாய்ந்தது’ என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் பார்க்கிறோம். சான்றின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவசரத்தைக் காரணமாகக் காட்டும்போது, அந்த அவசரம் எப்படி உண்டானது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். வெள்ளமோ தீவிபத்தோ ஏற்பட்டால் கேள்விக்கு இடமில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகும் தேதி ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்தும் கடைசி வாரத்தில் கோப்பைத் திறந்தால், அதை அவசரம் என்று சொல்ல முடியாது; அது தாமதம். மார்ச் 31க்குள் நிதியைச் செலவிட வேண்டும் என்பதும் அவசரம் ஆகாது. நிதியாண்டின் இறுதி மாதங்களில் செலவைக் குவிப்பதை நிதி ஒழுங்கு மீறலாகவே பொது நிதி விதிகள் கருதுகின்றன.

6. பொதுத்துறை நிறுவனங்களைத் தேர்வு செய்தல்

அரசுக்குச் சொந்தமான நிறுவனத்திடம் கொடுத்தால் போட்டி தேவையில்லை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விதி 133 அப்படிச் சொல்லவில்லை. கட்டுமானப் பணிகளைப் பொதுத்துறை நிறுவனங்களிடம் ஒப்படைக்க அது வழிவகுக்கிறது. ஆனால் அந்நிறுவனங்களுக்குள் போட்டி இருப்பதை அமைச்சகம் உறுதி செய்ய வேண்டும் என்றும், அந்தப் போட்டி அவை கேட்கும் சேவைக் கட்டணத்தின் அடிப்படையில் நடக்க வேண்டும் என்றும், அக்கட்டணம் மொத்தத் தொகையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. போட்டியே இல்லாமல் ஒரு நிறுவனத்தை நியமிப்பது அங்கும் விதிவிலக்குக்குள் விதிவிலக்கு. அதற்கு விதி 194இன் நிபந்தனைகள் பொருந்தும்.

கட்டணம் ஏன் மொத்தத் தொகையாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் பேச்சுவார்த்தை எளிதாகும். கட்டணத்தைத் திட்ட மதிப்பின் சதவீதமாக வைத்தால், கட்டடத்தின் செலவு கூடக்கூட நிறுவனத்தின் வருமானமும் கூடும். செலவைக் கட்டுப்படுத்த வேண்டியவருக்கே செலவு கூடுவதால் ஆதாயம் என்ற நிலை உருவாகிவிடும். சதவீதத்தில் மட்டுமே கட்டணம் சொல்லும் கடிதம் வந்தால், அதைத் திருப்பி அனுப்பி மொத்தத் தொகையாகக் கேட்க வேண்டும்.

விதி 194 ஏற்கும் சூழல்களும் வரையறுக்கப்பட்டவைதாம்: அந்நிறுவனம் முன்பு செய்த பணியின் இயல்பான தொடர்ச்சி; இயற்கைப் பேரிடருக்குப் பிந்திய நிலை உள்ளிட்ட அவசரம், அல்லது உரிய காலத்தில் முடிப்பது மிக முக்கியமான பணி; தனியுரிமைத் தொழில்நுட்பம் தேவைப்படுவது அல்லது ஒருவருக்கு மட்டுமே தேவையான நிபுணத்துவம் இருப்பது. இவை தவிர, துறையின் ஒட்டுமொத்த நலன் கருதிய தனிச் சூழலையும் விதி ஏற்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த வாசல் அகலமாகத் தெரிவதால் பலரும் இதன் வழியாகவே நுழைய விரும்புகிறார்கள். என் கருத்தில், மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதை எழுதிய பிறகே இதைத் தொட வேண்டும்.

வேலையைப் பெறும் நிறுவனம் அதைத் தானே செய்யுமா என்பது அடுத்த கேள்வி. அது முழு வேலையையும் தனியார் ஒப்பந்ததாரர் ஒருவருக்கு அப்படியே கைமாற்றிவிட்டால், நாம் தவிர்த்த போட்டியை அதுவும் தவிர்த்துவிட்டது என்று பொருள். கட்டுமானப் பொதுத்துறை நிறுவனங்கள் இப்படிக் கைமாற்றும்போது ஒப்பந்தப்புள்ளி கோராமலும் ஒப்பந்ததாரரின் திறனைச் சரிபார்க்காமலும் வேலையைத் தருவதாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2003ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. ஆகவே முன்மொழிவு கேட்கும் கடிதத்திலேயே, எந்தெந்தப் பகுதிகளைத் தன் பணியாளர்களைக் கொண்டு செய்யும், எவற்றை வெளியே கொடுக்கும், வெளியே கொடுப்பவற்றுக்கு எந்த முறையில் ஒப்பந்தப்புள்ளி கோரும் என்று அந்நிறுவனத்தை எழுதச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாட்டைக் காட்டலாம். மீரட் மாநகராட்சி தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அரசின் ஒப்பந்தங்கள் பொது ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளி வழியாகவே தரப்பட வேண்டும் என்றும், இயற்கைப் பேரிடர், ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைப்பது, பலமுறை ஏலம் விட்டும் எவரும் வராதது போன்ற அரிய சூழல்களிலேயே விலகலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. இதை மேற்கோள் காட்டி ஆணையம் 2007இல் வெளியிட்ட சுற்றறிக்கை, மற்ற முறைகள், குறிப்பாகப் போட்டியின்றி ஒருவரையே நியமிக்கும் நாமினேஷன் முறை, அரசமைப்பின் 14ஆவது உறுப்பு தரும் சமத்துவ உரிமையை மீறுவதாகும் என்கிறது. வேலையைப் பெறுபவர் பொதுத்துறை நிறுவனமாக இருந்தாலும், வாய்ப்பை இழந்தவர்களின் உரிமை மறைந்துவிடுவதில்லை.

7. விலை நியாயமானதா என்று நிறுவுதல்

போட்டி இருக்கும்போது விலையின் நியாயத்தைச் சந்தையே ஓரளவு காட்டிவிடும். போட்டி இல்லாதபோது அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். நிறுவனத்தின் விலைப்புள்ளி வருவதற்கு முன்பே நம் சொந்த மதிப்பீட்டைத் தயாரித்துத் தேதியிட்டு வைக்க வேண்டும். விலைப்புள்ளியைப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு அதன் எதிரொலியாகத்தான் இருக்கும். கட்டுமானத்துக்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல், பொருளுக்கு முந்தைய கொள்முதல் விலை, சேவைக்குத் தேவைப்படும் ஆள்நாள்களின் கணக்கு எனப் பணிக்கேற்ற அடிப்படையைக் கொள்ளலாம்.

விலைப்புள்ளியை ஒரே எண்ணாக ஏற்காமல் பிரித்துக் கேட்க வேண்டும். பொருள், உழைப்பு, பயணம், மேற்செலவு, வரி என்று பிரிந்து வந்தால், எந்தத் தலைப்பில் நம் மதிப்பீட்டிலிருந்து விலகுகிறது என்பது தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசலாம். இதே பொருளை இதைவிடக் குறைந்த விலைக்கு வேறு எந்த அரசு அலுவலகத்துக்கும் தரவில்லை என்ற உறுதிமொழியையும் பெற வேண்டும். அந்த உறுதிமொழியோடு நிறுத்திவிடாமல், அதே நிறுவனத்திடம் வாங்கிய வேறோர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி விலையைக் கேட்பது நல்ல பழக்கம்.

8. நிதிப்பிரிவின் இசைவும் ஒப்புதலும்

இங்கே வரிசை மாறவே கூடாது: முதலில் நிதிப்பிரிவின் இசைவு, பிறகு உரிய அலுவலரின் ஒப்புதல், அதன் பிறகே நிறுவனத்துக்குக் கடிதம். விதி 204இன் கீழ் வரும் சேவைகளுக்கு நிதி ஆலோசகரைக் கலந்துகொள்வது விதியிலேயே உள்ள நிபந்தனை. முழுமையான நியாயப்படுத்தலும், அந்தச் சூழலும், அதனால் நிறைவேறும் நோக்கமும் முன்மொழிவின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.

ஒப்புதல் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி வாய்மொழியாக வேலையைத் தொடங்கச் சொல்வதுதான் இந்தக் கட்டத்தின் பெரும்பிழை. அப்படித் தொடங்கிய வேலைக்குப் பின்னேற்பு, அதாவது பிறகு தரப்படும் ஒப்புதல், கேட்கும் குறிப்பில், நியாயப்படுத்த வேண்டியவை இரண்டாகிவிடுகின்றன: ஏன் போட்டி இல்லை என்பதும், ஏன் ஒப்புதல் இல்லாமல் தொடங்கினீர்கள் என்பதும். நிதிப்பிரிவு எழுப்பும் வினாக்களுக்கு விடையளிக்கும்போது பழைய குறிப்பைத் திருத்தாமல் புதிய குறிப்பாக எழுத வேண்டும். வினாவும் விடையும் வரிசையாகத் தெரிவது கோப்புக்கு வலுவையே சேர்க்கும்.

9. ஒப்பந்தமும் முன்பணமும்

அரசு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போதும், ஒப்பந்தம் வேண்டாம் என்று நினைப்பது தவறு. பணியின் எல்லை, கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தொகை, தாமதத்துக்கான இழப்பீடு, மிஞ்சும் நிதியைத் திருப்பித் தருவது, வெளியே கொடுக்கும் பகுதிகளுக்குத் திறந்த ஒப்பந்தப்புள்ளி கோருவது ஆகியவை கையொப்பமிட்ட ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வேலை நின்றுபோகும்போது இரு அரசு அலுவலகங்களும் மாறிமாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரும்.

முன்பணத்துக்கு விதி 172 உச்சவரம்பு வைக்கிறது: தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்த மதிப்பில் 30 சதவீதம், மத்திய, மாநில அரசு அமைப்புகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 40 சதவீதம், பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு ஆறு மாதத் தொகை. இது உச்சவரம்புதான், கேட்டவுடன் முழுவதையும் தர வேண்டும் என்பதில்லை. வங்கி உத்தரவாதம் போன்ற பாதுகாப்பையும் பெற வேண்டும். நிதியாண்டின் இறுதியில் முழுத்தொகையையும் பொதுத்துறை நிறுவனத்தின் கணக்கில் செலுத்திவிட்டுச் செலவாகிவிட்டதாகக் காட்டுவது இன்றும் நடக்கிறது. தொகை கைமாறியிருக்கிறதே தவிர, வேலை எதுவும் நடந்திருக்காது.

10. வெளியிடுதலும் பதிவேடும்

ஒப்பந்தம் வழங்கப்பட்டதும் நிறுவனத்தின் பெயர், பணி, மதிப்பு, நேரடித் தேர்வுக்கான காரணம் ஆகியவற்றை அலுவலக இணையதளத்தில் வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் எவர் கேட்டாலும் தர வேண்டிய விவரங்கள் இவை; நாமே முன்கூட்டி வெளியிட்டால் ஒவ்வொரு மனுவுக்கும் தனியாகப் பதில் எழுதும் வேலை மிச்சம்.

பொதுத்துறை நிறுவனமே கொள்முதல் செய்யும் இடத்தில் இருந்தால், நாமினேஷன் முறையில் தந்த எல்லாப் பணிகளையும் அதன் இயக்குநர் குழுவின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்றும், தணிக்கைக் குழு அவற்றில் குறைந்தது 10 சதவீதத்தைச் சரிபார்க்கலாம் என்றும் மேலே சொன்ன 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. அமைச்சக அலுவலகங்களும் இதைப் பின்பற்றி ஒரு பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நேரடிக் கொள்முதலுக்கும் ஒரு வரி போதும்: தேவை எழுந்த தேதி, தேடல் முடிந்த தேதி, மதிப்பீட்டின் தேதி, இசைவின் தேதி, ஒப்புதலின் தேதி, ஆணையின் தேதி. இந்த ஆறு தேதிகளும் இதே வரிசையில் ஏறுமுகமாக இல்லாத கோப்பைத் தணிக்கைக்கு அனுப்பும் முன், அதற்கான விளக்கத்தை எழுதிச் சேர்த்துவிட வேண்டும். தேதிகளைத் திருத்தக் கூடாது.